தங்க உருண்டைக்கு ஒரு டோக்கன்!

பாண்டிச்சேரியில் வீடு வைத்திருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் ஜாஸ்தி. அதுவும் சனிக்கிழமை சாயங்காலம் ரொம்ப ஜாஸ்தி.

'சும்மா உங்களையெல்லாம் பார்த்துட்டுப் போகலாம்னு...' என்று பையை இறக்குவார்கள். அதில் பாதிப் பேர் காபி டம்ளரைக் கீழே வைத்ததும் என்னை நைசாக மொட்டை மாடிக்குத் தள்ளிக்கொண்டு போய், 'மாப்ளே, இங்கே சரக்கு விலை கம்மியாமே?' என்று காதைக் கடிப்பார்கள். மீதிப் பேர் நல்லவர்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தவர்கள். அவர்கள் கேட்பது வேறு:

'அந்தத் தங்க உருண்டையை எப்போ காட்டப் போறே?'

உருண்டை என்றால் ஆரோவில் மாத்ரி மந்திர். காலண்டரில், பேருந்து நிலையத்துப் போஸ்டரில், கல்யாண ஆல்பத்தின் பின்னணியில் என்று எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். 36 மீட்டர் குறுக்களவு, 29 மீட்டர் உயரம். மேலே தங்க ரேக் ஒட்டிய ஆயிரத்துக்கு மேற்பட்ட தட்டுக்கள். செம்மண் காட்டுக்கு நடுவே யாரோ பெரிய லட்டு ஒன்றைப் பிடித்து வைத்துவிட்டு, எடுத்துக்கொண்டு போக மறந்த மாதிரி இருக்கும்.

'அதுக்கென்ன, நாளைக்கே போலாம். நம்ம ஊர்தானே!' என்று நானும் அளந்துவிடுவேன். முத்தியால்பேட்டையில் பிறந்து, வளர்ந்து, பி.காம். முடித்து, முப்பத்தி சொச்சம் வருஷமாக இந்த ஊர்க் காற்றையே சுவாசிக்கிறவனுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா? டிக்கெட், டோக்கன் எல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு. நாம் ஆயுள் சந்தா கட்டின பாஸ்காரர்கள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன டிசம்பரில் கோயம்புத்தூரிலிருந்து அக்கா, மாமா, அவர்களுடைய எட்டு வயசு வாண்டு, மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். மாமா ஆடிட்டர். எதிலும் வவுச்சர் கேட்பவர்.

'உள்ளே போய் உக்காந்து தியானம் பண்ணலாமாமே, அதுவும் உண்டா?'

'உண்டு மாமா. நான் இருக்கேன்ல!'

கோட்டக்குப்பம் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார் போகும்போதே மாமா போர்டைப் படித்தார். 'ஏம்ப்பா, இது தமிழ்நாடு ஆச்சே? விழுப்புரம் மாவட்டம்னு போட்டிருக்கு?'

என் கௌரவத்தில் முதல் ஓட்டை அங்கேதான் விழுந்தது. பாண்டிச்சேரியின் எல்லையைப் போட்டவர் யாரோ தோசை மாவைத் தெளித்த மாதிரி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சும்மா ஒரு சந்து திரும்பினால் மாநிலம் மாறிவிடும். பாண்டிச்சேரிக்காரன் என்று நான் மார் தட்டுகிற ஆரோவில்லில் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம்! ஆக, லோக்கல் என்று சொல்லிக்கொள்ளும் அருகதையே எனக்குப் பாதிதான்.

பார்வையாளர் மையத்தில் பணம் கேட்கவில்லை. இலவச பாஸ் கொடுத்தார்கள். ஒரு சின்னப் படம் போட்டுக் காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு மர நிழலில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஒரு மேடு வருகிறது. அங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம், போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் அந்தப் பாஸின் அதிகாரம்.

மாமா இரண்டு நிமிஷம் பார்த்தார். 'சரி, உள்ளே?'

அங்கே நின்ற தொண்டரிடம் போய், குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, 'நான் லோக்கல். முத்தியால்பேட்டை' என்றேன், மந்திரம் சொல்கிற மாதிரி.

அந்தப் பெண் சிரித்தாள். கோபமே இல்லாத சிரிப்பு. 'லோக்கல்னாலும் முன்பதிவு செஞ்சுட்டுதாங்க வரணும். அப்புறம் தம்பிக்குப் பத்து வயசு ஆகலையே? பத்து வயசுக்குக் கீழே உள்ளறைக்கு அனுமதி இல்லை.'

மாமா என்னைப் பார்த்தார். வவுச்சர் இல்லாத செலவைப் பார்க்கிற பார்வை.

வாண்டுதான் என்னைக் காப்பாற்றினான். 'எனக்கு உள்ளே வேணாம், ஐஸ்க்ரீம் வேணும்' என்றான். அதற்கு முன்பதிவு தேவைப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமா அப்பாவிடம் ஒப்பித்தார். 'உங்க பிள்ளையோட செல்வாக்கு உருண்டை வரைக்கும்தான் மாமா. உள்ளே செல்லாது.'

அப்பா ஈசிச்சேரில் சாய்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தைந்தை நெருங்குகிற வயசு. முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு மில்லில் கார்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். யார் வந்து கூப்பிட்டாலும் ஆரோவில்லுக்கு மட்டும் வரமாட்டார். 'நான் பாக்காததா' என்று சொல்லிவிடுவார். நாங்களும் அவர் பலமுறை பார்த்தவர் போலிருக்கிறது என்று விட்டுவிடுவோம்.

அன்றைக்குப் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: 'என்னையும் சீட்டு கேப்பானுங்களா? நான் தோண்டின பள்ளம்டா அது.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் ஒரே கூரைக்குள் இருந்தும் இந்த ஒரு வரி என் காதில் விழுந்ததில்லை. அம்மாவைப் பார்த்தேன். 'கல்யாணத்துக்கு முன்னாடி நடந்ததெல்லாம் எனக்கு எப்டிடா தெரியும்?' என்று அம்மா உள்ளே போய்விட்டாள்.

அப்பாவின் சொந்த ஊர் இடையஞ்சாவடி. இன்றைக்கு அந்தப் பக்கம் போனால் காடு மாதிரி இருக்கிறது. ஆரோவில்காரர்கள் லட்சக்கணக்கில் வைத்து வளர்த்த மரங்கள் அவை. அப்பா சின்னப் பையனாக இருந்தபோது வெறும் செம்மண் பொட்டல். அங்கங்கே நாலு பனை, நடுவில் ஒரு ஆலமரம். அந்த ஆலமரத்தை நடுப்புள்ளியாக வைத்துத்தான் ஊரே வரைந்தார்கள். 1968 பிப்ரவரி 28-ந் தேதி, 124 நாட்டு மண்ணைக் கொண்டுவந்து தாமரை மொட்டு வடிவத்தில் இருந்த ஒரு தாழிக்குள் போட்டு ஆரோவில்லைத் தொடங்கியபோது, வேலி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த கிராமத்துப் பையன்களில் அப்பாவும் ஒருத்தர்.

'வேன் வேனா வெள்ளைக்காரங்க. எங்களுக்கு அந்த மண்ணு மேலே கண்ணு இல்ல. பந்தல்ல இன்னா குடுப்பாங்கன்னுதான் கண்ணு.'

மாத்ரி மந்திருக்கு அடிக்கல் வைத்தது 1971 பிப்ரவரி 21-ல். அப்புறம் பள்ளம் வெட்ட ஆரம்பித்தார்கள். முதலில் வெள்ளைக்காரர்களே மண்வெட்டியைத் தூக்கினார்களாம். கொஞ்ச நாளிலேயே சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து கூலிக்கு ஆள் எடுத்தார்கள். அப்பாவுக்கு அப்போது இருபது வயசு. கடப்பாரை பிடித்தார். மண்ணை வெட்டி வெட்டிக் கூடையில் போட, பெண்கள் சும்மாடு வைத்துச் சுமந்துகொண்டு மேலே ஏறுவார்கள்.

'கெணறுன்னு நெனச்சிக்காத. ஏரி. ஏரி மாதிரி பள்ளம். கீழே நின்னா ஆகாசம் ஒரு தட்டு மாதிரி தெரியும். எதுக்குடா இதுன்னு மேஸ்திரியைக் கேட்டா அவனுக்கும் தெரியாது. கோயிலுன்னான். சாமி எங்கேன்னா, சாமி கிடையாதுன்னான். சாமியில்லாத கோயிலுக்கு இவ்ளோ பெரிய பள்ளமான்னு சிரிப்போம்.'

பள்ளம் முடிந்ததும் மில்லில் வேலை கிடைத்தது. போய்விட்டார். நாலு பெரிய தூண் எழும்பியதையோ, உருண்டை உருவானதையோ பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. அடிக்கல்லிலிருந்து 2008 வரைக்கும், முப்பத்தேழு வருஷம் இழுத்தது அந்த வேலை. அதற்குள் அப்பா மில்லிலேயே ஒரு ஆயுசைக் கழித்துவிட்டார்.

'அப்போ உள்ளே போனதே இல்லையாப்பா?'

'உள்ளேன்னா? அப்போ ஏது உள்ளே? பள்ளம்தானே!'

அன்று ராத்திரி கலிஃபோர்னியாவிலிருந்து காலேஜ் சிநேகிதன் போன் செய்தான். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அக்கவுண்டன்ஸியில் கோட்டை விட்டவர்கள். நடந்ததைச் சொன்னேன். 'இதுக்கே அழறியா? இங்கே காசு கட்டிட்டு நிக்கறான்டா' என்று ஆரம்பித்தான்.

அவன் சொன்னது டிஸ்னிலேண்ட் கதை. அங்கே வருஷத்துக்கு ஒருதரம் மொத்தமாகப் பணம் கட்டி, நினைத்தபோது போய்வருகிற பாஸ்காரர்கள் ஒரு பெரிய கூட்டம். கொரோனா வந்து 2020 மார்ச்சில் பார்க்கை மூடினார்கள். 2021 ஜனவரியில் வருஷ பாஸ் திட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் 'மேஜிக் கீ' என்று புதுப் பெயரில் திரும்ப வந்தது, நாலு ரகத்தில். சாவி உண்டு, ஆனால் எந்த நாள் வருகிறாய் என்று முன்கூட்டியே பதிவு செய்தால்தான் கதவு திறக்கும். அப்போது இருந்ததிலேயே ஒசத்தி 'டிரீம் கீ', விலை 1,399 டாலராக இருந்தது. அதற்கு விலக்கப்பட்ட நாளே கிடையாது என்று விளம்பரம். நம்பி வாங்கின ஒரு பெண்மணி, போக நினைத்த நாட்களில் பதிவு கிடைக்கவில்லை என்று கோர்ட்டுக்குப் போனார். கம்பெனி தப்பை ஒப்புக்கொள்ளாமலே 2023-ல் 95 லட்சம் டாலருக்கு சமரசம் செய்துகொண்டது. டிரீம் கீ வாங்கினவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேலே. பிரித்தால் ஆளுக்கு எழுபது டாலர்கூடத் தேறாது.

ஃப்ளோரிடா பார்க் கதை இன்னும் வேடிக்கை. 2024 ஜனவரியிலிருந்து தேதி போட்ட டிக்கெட் வாங்கினவர்களுக்குத் தனிப் பதிவு வேண்டாம் என்றார்கள். வருஷ பாஸ்காரர்களுக்கு மட்டும் அப்போதும் முழு விடுதலை கிடைக்கவில்லை! நேற்று வந்தவன் நேரே உள்ளே போகிறான், வீட்டு மாப்பிள்ளை வாசலில் நிற்கிறார்.

எனக்கு இது புதுசு இல்லை. விழுப்புரத்தில் ஒரு ஆபீசில் குப்பை கொட்டிய காலத்தில் ரயில் சீசன் டிக்கெட் வைத்திருந்தேன். 1879-ல் போட்ட ரயில் பாதை அது. தினம் போகிற திமிரில் ஒருநாள் ரிசர்வ்டு பெட்டியில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன். டிக்கெட் பரிசோதகர் வந்து சீசனை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, அபராத ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். விதி அவர் பக்கம். சீசன் டிக்கெட் என்பது ரயிலில் ஏறுகிற உரிமை. உட்காருகிற உரிமை வேறு டிபார்ட்மெண்ட்.

ஒரு பி.காம். பட்டதாரியாக யோசித்துப் பார்த்தால் விஷயம் இதுதான் ஸார். பாஸ் என்பது வரவேண்டிய பாக்கி மாதிரி. புத்தகத்தில் ஜோராக இருக்கும். முன்பதிவுதான் கையில் கிடைக்கிற ரொக்கம். பாக்கியை நம்பிக் கடை நடத்தினவன் யார் உருப்பட்டிருக்கிறான்?

மாத்ரி மந்திரில் காசுக் கணக்கே கிடையாது. உள்ளறையில் இடம் கொஞ்சம். அந்த இடத்திலும் மௌனம்தான் முக்கியச் சரக்கு. ஆயிரம் பேரை உள்ளே விட்டால் மௌனம் எங்கே மிஞ்சும்? திருப்பதியில் 300 ரூபாய் தரிசன டிக்கெட்டுக்கு ராத்திரி முழித்திருக்கிற நாம், தத்கலுக்குக் காலை பத்து மணிக்கு விரலை மடக்கிக் காத்திருக்கிற நாம், இதற்குக் கோபப்பட முடியாது.

ஆனால் அப்பா? அவர் பாஸ் எந்த ரகம்?

மறுநாள் லேப்டாப்பைத் திறந்தேன். சனி, ஞாயிறு நிரம்பியிருந்தது. அடுத்த சனி ஞாயிறும் நிரம்பியிருந்தது. ஊர் உலகமே என்னைவிடச் சுறுசுறுப்பு. 'செவ்வாய்க்கிழமை லீவு போட்டுக்கறேன்' என்று பார்த்தால், செவ்வாய்க்கிழமை உள்ளறைக்கே லீவு! கடைசியில் ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை காலையில் இரண்டு இடம் இருந்தது. அப்பா பெயரையும் என் பெயரையும் தட்டிவிட்டு, ஆபீசில் 'ஃபேமிலி ஃபங்ஷன்' என்று எழுதிக் கொடுத்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

'வேணாம். நீ போய்ட்டு வா.'

'ஏம்ப்பா? சீட்டு கேக்கறாங்கன்னு கோவமா?'

'அதெல்லாம் ஒண்ணுமில்ல.'

இரண்டு நாள் கழித்து அம்மாதான் போட்டு உடைத்தாள். 'இருமல்டா. அங்கே உள்ளே சத்தமே போடக்கூடாதாமே, இருமினா வெளியே போகச் சொல்லுவாங்களாமே. யாரோ சொல்லியிருக்காங்க. அத்தனை பேர் முன்னாடி எழுந்து வர்றது அவருக்கு அசிங்கமா இருக்காம்.'

அப்பாவின் இருமலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். கார்டிங் என்றால் பஞ்சைச் சீவுகிற இடம். காற்றில் தூசியா, தூசியில் காற்றா என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வரும்போது புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருக்கும். எங்கள் ஊரின் பெரிய மில்கள் மூன்றும் 2020-ல் ஒட்டுமொத்தமாக மூடப்பட்டுவிட்டன. சங்குச் சத்தம் போய்விட்டது. அப்பாவின் இருமல் மட்டும் இன்னும் ஷிப்ட் பார்க்கிறது. காலை ஆறு மணிக்கு ஒரு தரம், மத்தியானம் ரெண்டுக்கு ஒரு தரம், ராத்திரி பத்துக்கு மேலே ஓவர்டைம்.

இது எனக்குத் தோன்றவேயில்லை. தேதியை, நேரத்தை, விதியை எல்லாம் பார்த்தேன். மனுஷனைப் பார்க்கவில்லை.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். மருந்து கொடுத்தார். 'கிராம்பை வாயில் அடக்கிக்கோங்க' என்று அம்மா அவளுடைய வைத்தியத்தைச் சேர்த்தாள். அப்பா பத்து நாள் வெந்நீராகக் குடித்துப் பரீட்சைக்குத் தயாராகிற பையன் மாதிரி ஆகிவிட்டார். ராத்திரியில் இருமல் வந்தால் கடிகாரத்தைப் பார்ப்பார். 'இருபது நிமிஷம் தாங்குது' என்பார். 'இன்னிக்குப் பன்னெண்டுதான்' என்பார்.

இன்னொரு சிக்கல். பதிவு செய்த அத்தாட்சி என் போனில் இருந்தது. அப்பாவுக்குப் போனில் இருப்பதெல்லாம் சீட்டு ஆகாது. 'காயிதம் குடு' என்றார். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். நாலாக மடித்து, ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த வியாழக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு காலையிலேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பெரியமுதலியார்சாவடி பக்கம் திரும்பி, குயிலாப்பாளையம் வழியாக ஸ்கூட்டர் போகும்போது பின்னாலிருந்து ஒரே கமென்ட்ரி. 'இங்கே முந்திரித் தோப்பு இருந்திச்சி... இந்த ஓட்டல் இருக்கற எடத்துல ஒரு குட்டை... ஏய், மெதுவா போ, இது எங்க அத்தை வீட்டுக்குப் போற வழி.' அந்த அத்தை வீடு இருந்த இடத்தில் இப்போது இத்தாலிக்காரர்கள் சாப்பிடுகிற பீட்சா விற்கிறார்கள்.

பார்வையாளர் மையத்திலிருந்து வண்டியில் கூட்டிப்போனார்கள். போன், பை எல்லாம் கொடுத்துவிட வேண்டும். எல்லோரையும் உட்கார வைத்து, உள்ளே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விளக்கினார்கள். பேசக்கூடாது. ஒருமுறை உட்கார்ந்தால் நடுவில் நடமாடக்கூடாது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, விளக்கிய பெண்ணிடம் போய் நின்றார். நான் பதறிப்போனேன். நான் அன்றைக்குச் சொன்ன 'லோக்கல்' வசனத்தைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

'அம்மா, எனக்கு இருமல் உண்டு. மில்லுல வந்தது. ஒட்டாது. வந்தா நானே எழுந்து வந்துடுவேன். வாசல் பக்கமா ஒரு எடம் குடுத்தீங்கன்னா போதும்.'

'சரிங்க தாத்தா, கதவுகிட்டவே உக்காருங்க. என்ன ஊரு நீங்க?'

'இடையஞ்சாவடி. இதுக்குப் பள்ளம் வெட்டினதுல நானும் ஒருத்தன்.'

அந்தப் பெண் ஆச்சரியப்படுவாள் என்று பார்த்தேன். அவளும் பக்கத்துக் கிராமம்தான் போலிருக்கிறது. 'எங்க தாத்தாவும்தாங்க' என்றாள் சாதாரணமாக.

அப்பா அப்படியே நின்றுவிட்டார். அப்புறம் அவள் தாத்தா பெயரைக் கேட்டார். அவள் சொன்னாள். 'தெரியல... நூறு நூறு பேரும்மா' என்றார்.

உள்ளே வெள்ளைக் காலுறை கொடுத்தார்கள். சுருண்டு சுருண்டு ஏறுகிற சாய்வுப் பாதை. வெளியே தங்கம் பளபளக்கிறதே தவிர உள்ளே எல்லாம் மங்கலான, மெத்தென்ற வெளிச்சம். அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறினார். மேலே அந்த அறை. வெள்ளைச் சுவர், வெள்ளை விரிப்பு, கூரையைத் தொடாமல் நிற்கிற பன்னிரண்டு தூண்கள், நடுவில் ஜெர்மனியில் செய்த 70 சென்டிமீட்டர் ஸ்படிகக் கோளம். மேலேயிருந்து சூரிய வெளிச்சம் ஒரே கோடாக அதன்மேல் இறங்குகிறது. படம் கிடையாது, சிலை கிடையாது, ஊதுவத்தி, பூ எதுவும் கிடையாது. மேஸ்திரி அன்றைக்குச் சொன்னது சரிதான்.

நான் கண்ணை மூடித் தியானம் செய்திருப்பேன் என்று நினைக்காதீர்கள். முழுக்க முழுக்க அப்பாவின் தொண்டையைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு மௌனத்தில் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கிறது. அவர் கண்ணைத் திறந்தபடியே அந்த வெளிச்சக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டுமுறை குலுங்கியது. அடக்கிக்கொண்டார். மறுபடி குலுங்கியது. கர்ச்சீப்பை வாயில் வைத்து அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது.

ஒரே ஒரு இருமல். கர்ச்சீப்புக்குள்தான். ஆனால் அந்த அறையில் அது தேங்காய் உடைத்த மாதிரி கேட்டது. யாரும் திரும்பவில்லை. அப்பா யார் சொல்வதற்கும் காத்திராமல் எழுந்துவிட்டார். கதவு பக்கத்திலேயே இருந்ததால் நாலு எட்டில் வெளியே. நானும் பின்னாலேயே போனேன்.

சாய்வுப் பாதையில் இறங்கும்போது இருமி முடித்துவிட்டு, 'எவ்ளோ நேரம்?' என்று கையால் கேட்டார். கடிகாரத்தைக் காட்டினேன். சுமார் ஒன்பது நிமிஷம். உதட்டைப் பிதுக்கினார். வீட்டில் இருபது வரை வந்தவர்.

கீழே இறங்கினால், உருண்டைக்கு நேர் அடியில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. வெள்ளைப் பளிங்கில் இதழ் இதழாகச் செய்து, அதன்மேல் தண்ணீர் மெல்ல வழிந்து நடுவில் போய்ச் சேர்கிறது. நடுவில் ஒரு சின்ன ஸ்படிகம். மேலே அறையில் பார்த்த அதே வெளிச்சம் தரையைத் துளைத்துக்கொண்டு இதன்மேல் வந்து இறங்குகிறது. அப்பா அண்ணாந்து பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். நாலு பக்கமும் அந்தப் பெரிய தூண்கள். கையை விரித்து ஏதோ அளந்தார்.

'இங்கேதான்' என்றார் என் காதோடு. 'இங்கேருந்துதான் ஆகாசம் தட்டு மாதிரி தெரிஞ்சிது.'

அங்கே இருமல் வரவில்லை. குனிந்து உட்கார்ந்து, தண்ணீர் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை.

வெளியே ஆலமரத்தடிக்கு வந்ததும் பேச்சு வந்துவிட்டது. விழுதெல்லாம் இறங்கி மரமே ஒரு மண்டபம் மாதிரி ஆகியிருக்கிறது. 'இது அப்போ இவ்ளோ அகலம் இல்ல' என்றார்.

நான் மனசில் இருந்ததைக் கேட்டேன். 'ஏம்ப்பா, வெட்டினவங்களுக்காவது பதிவு இல்லாம விடலாம், இல்லே?'

அப்பா யோசிக்கவேயில்லை. 'நூறு நூறு பேருன்னு சொன்னேன்ல. அத்தனை பேரும், அவன் புள்ளையும், பேரனும், நான் வெட்டினேன் நான் வெட்டினேன்னு வந்து நின்னா அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? அவ தாத்தாவையும் வரிசையிலதானே நிக்க வெச்சிருப்பா?' கொஞ்சம் நிறுத்தி, 'ஆனா ஒண்ணு. வெட்டினவன்ல பாதிப் பேரு இந்நேரம் போய்ச் சேந்திருப்பான். அவனுங்களுக்கு நாள் கெடைக்கல' என்றார்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் அதிகம் பேசவில்லை. கோட்டக்குப்பம் வந்ததும் முதுகில் தட்டினார். வண்டியை ஓரம் கட்டினேன்.

'ஒருதரம் போனவன் மறுபடி போவலாமா?'

'போகலாம்ப்பா. மறுபடி பதிவு பண்ணணும்.'

'வர்ற செவ்வாக்கெழமை போடு. டாக்டர்கிட்டே போற வேலையும் இல்ல.'

'செவ்வாய் லீவுப்பா.'

'அப்போ புதன்' என்றார் அப்பா. 'இந்த தடவை உங்கம்மா பேரையும் சேத்து எழுது. கிராம்பு அவகிட்டேதான் இருக்கு.'